பஸ்ஸில் பிடிபடும் பாட்டு முனகினால் பிடிபடாதது ஏன்?

கேள்வி: கல்முனை – மட்டக்களப்பு பஸ்ஸின் இரைச்சலுக்குள்ளும் ஷசாம் செயலி பாட்டைக் கண்டுபிடித்துவிடுகிறது. வீட்டில் அமைதியாக நான் முனகினால் ஒன்றும் வருவதில்லை. கோயில் திருவிழாவில் இசைக்குழு பாடியதும் அகப்படவில்லை. போனில் கோளாறா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஷசாம் தேடுவது பாட்டை அல்ல, ஒலிப்பதிவை.

கேட்கும் சில வினாடிச் சத்தத்தில் எந்தக் கணத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி ஒலிக்கிறது என்று பார்த்து, அந்த உச்சப் புள்ளிகளை மட்டும் அது வைத்துக்கொள்ளும். பிறகு புள்ளிகளைச் சோடி சேர்க்கும். இரண்டின் அதிர்வெண்களும், இடையில் உள்ள நேரமும் சேர்ந்து ஒரு எண்ணாகும். அப்படிக் கிடைத்த எண்கள் தன் சேமிப்பிலுள்ள ஏதாவதொரு பதிவில் அதே இடைவெளிகளோடு வரிசையாக வந்தால் விடை கிடைத்துவிடும். இந்த முறையை ஷசாமை உருவாக்கியவர்களில் ஒருவரான எவரி வாங் 2003இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். எஞ்சினும் ஹோர்னும் தம் பங்குக்குப் புள்ளிகள் போடும்தான். ஆனால் அவை எந்தப் பாட்டோடும் வரிசை சேராது.

இசைக்குழுவில் பாடகர் அரை வினாடி தாமதித்துத் தொடங்கினாலே கணக்கு மாறிவிடும். சினிமாவில் பாடியவரே மேடையேறினாலும் இதே கதிதான்.

முனகலுக்கு கூகிள் செயலியைத் திறவுங்கள். 2020 ஒக்டோபரில் வந்த வசதி இது. மைக்கை அழுத்தி, பாடலைத் தேடும் பொத்தானைத் தட்டுங்கள். குரல், வாத்தியம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மெட்டு ஏறி இறங்கும் போக்கை மட்டும் எண்வரிசையாக்கி ஒப்பிடும். அதனால் சுருதி பிசகினாலும் பரவாயில்லை. பல்லவியைப் பத்துப் பதினைந்து வினாடி விடாமல் முனகுங்கள். சொல் மறந்திருந்தால் ‘ந ந ந’ போதும். விடைகள் எவ்வளவு பொருந்துகின்றன என்ற சதவீதத்தோடு வரும். முதலாவதை அப்படியே நம்பாமல் இரண்டு மூன்றைப் போட்டுக் கேளுங்கள். தமிழ்ப் பாட்டுகளில் ஒரே சாயல் மெட்டு கொஞ்சமா இருக்கிறது?

பஸ்ஸில் சிக்னல் போனால் கவலை வேண்டாம். கேட்டதை ஷசாம் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் தேடும்.

அப்புறம், நீங்கள் முனகியது வசந்தன் கூத்துப் பாட்டோ, அம்மன் கோயில் சடங்கில் பாடும் குளுத்திப் பாட்டோ என்றால் இரண்டு செயலியிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பதிவாகிச் சேமிப்பில் ஏறாத பாட்டு அவற்றுக்கு இல்லாத பாட்டுத்தான். கூத்துப் பழக்கும் ஊர் அண்ணாவியாரிடம் முனகிக் காட்டுங்கள். அவர் பாட ஆரம்பித்தால் போனில் ரெக்கோர்ட் பண்ண மறக்காதீர்கள்.