சனிக்கிழமைச் சம்பளமும் சபையின் தராசும்

கேள்வி: நான் ஏழாம் நாள் ஓய்வுநாளை ஆசரிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். சொந்த ஊர் நாசரேத் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே வாரச் சம்பளம் சனிக்கிழமைதான், அதனால் அன்றைக்குத்தான் எனக்கு வேலை அதிகம். ஆரம்பத்தில் உடம்பு சரியில்லை என்று அவ்வப்போது லீவு போட்டுவிட்டு ஆராதனைக்குப் போனேன். இப்போது அதுவும் முடியவில்லை. விஷயம் தெரிந்ததும், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். "வேலையை விடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். ஆனால் அதே சபையில் மூப்பராக இருப்பவரின் தையல் யூனிட் சனிக்கிழமையும் ஓடுகிறது. கேட்டால், மைத்துனர் பார்த்துக்கொள்கிறார் என்று பதில். ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிடும் சாப்பாடுகூட மெஸ்ஸில் சமைத்து வருகிறது. என் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். நான் வேலையை விடுவதா, சபையை விடுவதா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வேலையையும் விடவேண்டாம், சபையையும் விடவேண்டாம். உடனே விடவேண்டியது அந்த "உடம்பு சரியில்லை" என்ற பொய்யைத்தான். அதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதிக்கும் சபையைச் சேர்ந்தவள். எந்தக் கிழமை சரி என்ற வழக்குக்குள் போக எனக்கு விருப்பமில்லை. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை கர்த்தருடையது என்று உங்கள் மனசாட்சி சொல்கிறது. அதை அப்படியே மதித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊர்ப்பக்கத்தில் அது யாரிடமோ இரவல் வாங்கிய பழக்கமும் அல்ல. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், 1857-இல் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு பிரகாசபுரத்தில் தொடங்கிய சபை, சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக ஆசரித்தது. உங்கள் ஏழாம் நாள் அட்வெந்து சபையின் மிஷனரி ஜேம்ஸ் அங்கே வந்தது 1908-இல். அதற்கு முன்பே அந்த மண்ணில் சனிக்கிழமைக்காகக் கஷ்டப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த வழியில் வந்த உங்களை "பக்தி குறைந்தவள்" என்று யாராவது பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்தப் பொய். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைச் சொல்லும் நான்காம் கற்பனையைக் காப்பாற்ற, பொய் சொல்லாதே என்னும் ஒன்பதாம் கற்பனையின்மேல் கால் வைப்பது தேவனுக்கு முன்னால் செல்லாது. அது ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறையில் அது உங்களுக்கே வினையாகியிருக்கிறது. உங்கள் மேலாளரின் கண்ணில் நீங்கள் இப்போது சனிக்கிழமை வந்தால் தலைவலி வரும் பெண். அவரிடம் நீங்கள் ஓய்வுநாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாகவே உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்காத ஒன்றை அவர் எப்படித் தருவார்? கேட்டு மறுத்திருந்தால் அது வேறு கதை.

கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டெய்லர், செக்கிங் பெண்கள், அயர்ன் பண்ணுகிறவர் எல்லோருக்கும் அந்த வாரம் எத்தனை ஷிப்ட் என்று கணக்குப் பார்த்துக் கையில் பணம் வருவது அன்றைக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளை ஒன்று என்று எழுதியிருந்தால் அங்கேயே சத்தம் எழும். மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், ஒடிசாவிலும் பீகாரிலும் காத்திருக்கும் வீட்டுக்கு அனுப்புவது, எல்லாமே அந்தக் கவரை நம்பித்தான். வேதாகமத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கூலிக்காரன் ஏழை, அவன் அந்தக் கூலியையே எதிர்பார்த்திருக்கிறான், ஆகையால் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு என்று அங்கே கட்டளை இருக்கிறது. ஓய்வுநாள் கட்டளை இருக்கும் அதே புத்தகம். ஆகவே உங்கள் ஓய்வுநாளுக்காக யாருடைய கூலியும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகக்கூடாது. மேலாளரிடம் பேசும்போது உங்கள் முதல் வாக்கியம் இதுவாகவே இருக்கட்டும். "சார், சம்பளம் ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகாது, அதற்கு வழி யோசித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்." கம்பெனி நடத்துகிறவர் காது கொடுப்பது அதற்குத்தான்.

வழி என்ன? உங்கள் கம்பெனியில் வாரக் கணக்கை எந்தக் கிழமையோடு முடிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளியோடு முடிப்பதாக இருந்தால் வியாழன் இரவோடு முடிக்க முடியுமா என்று கேளுங்கள். மாற்றும் அந்த ஒரு வாரம் மட்டும் ஒரு நாள் கூலி அடுத்த கணக்குக்குப் போகும். அந்தத் தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டால் யாருக்கும் கை கடிக்காது. வெள்ளிக்கிழமை பகலிலேயே ஷிப்ட் கணக்கு, அட்வான்ஸ் பிடித்தம், சம்பளப் பட்டியல், கவர் எல்லாவற்றையும் தயார் செய்து கையெழுத்து வாங்கி வைத்துவிடலாம். சனிக்கிழமை மிச்சம் இருப்பது பட்டுவாடா மட்டும். அதுவும் உங்கள் கம்பெனியில் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் என்றால் உங்களுக்குச் சங்கடமே இல்லை. திருப்பூரில் டிசம்பரில் ஆறு மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடுகிறது, ஜூலையில்கூட ஆறே முக்காலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்தபின் நீங்களே போய் நின்று கவர் கொடுக்கலாம்.

பதிலுக்கு நீங்கள் என்ன தருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டியவை. அந்த வேலையை யாரும் தொந்தரவு செய்யாத ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து முடித்துத் தருகிறேன் என்றால் எந்தக் கணக்குப் பிரிவுக்கும் அது லாபம்தான். உங்களுக்குப் பதில் சனிக்கிழமை நிற்கப்போகும் பெண்ணை மறந்துவிடாதீர்கள். அவளுக்கு எந்த நாள் வேண்டுமோ, அவள் பிள்ளையின் பள்ளி விழாவோ, ஊர்க் கொடையோ, அன்றைக்கு நீங்கள் நிற்கவேண்டும். உங்கள் இளைப்பாறுதலை அவள் முதுகில் ஏற்றினால் அது ஓய்வுநாள் ஆகாது.

சட்டம் உங்களுக்குக் கைகொடுக்குமா என்று கேட்பீர்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஞாயிறு என்று வைத்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் மூன்று நாட்களுக்குள் வேறொரு நாளில் விடுமுறை கொடுத்து ஞாயிறு வேலை வாங்க இடமும் கொடுத்தது. வார விடுமுறை மாற்றிக்கொள்ளக்கூடியது என்பது நம் நாட்டுக்குப் புதிய எண்ணம் இல்லை, இதை மேலாளருக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் ஒரு தொழிலாளியின் விசுவாசத்துக்காக இன்ன கிழமையைக் கொடுத்தே தீரவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. பென்சில்வேனியாவில் ஞாயிறு வேலைக்கு மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கில், தொழிலுக்குக் கணிசமான கூடுதல் பாரம் வரும் என்று காட்டினால்தான் நிர்வாகம் மறுக்க முடியும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் ஒருமனதாகச் சொன்னது. நமக்கு அப்படி ஓர் ஆயுதம் கையில் இல்லை. உங்கள் வேலைத் திறமையும், நீங்கள் பேசும் விதமும், கம்பெனியில் நீங்கள் சம்பாதித்திருக்கும் நம்பிக்கையும்தான் துணை. அதனால்தான் அந்தப் பொய் லீவு வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

சபைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் உங்கள் கடிதத்தில் வலி அதிகம், எனக்கும் இதில்தான் சொல்ல அதிகம் இருக்கிறது.

லூக்கா 13-இல் பதினெட்டு வருடமாக நிமிர முடியாத ஒரு ஸ்திரீயை இயேசு ஓய்வுநாளில் சுகமாக்குகிறார். ஜெபஆலயத் தலைவனுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவன் இயேசுவைப் பார்த்துப் பேசவில்லை, ஜனங்களைப் பார்த்துப் பேசுகிறான். வேலை செய்ய ஆறு நாள் உண்டே, அந்த நாட்களில் வந்து சுகமாகிக்கொள்ளுங்கள் என்கிறான். பலமுள்ளவரைக் கேட்கத் தைரியமில்லாமல் பலமற்றவர்களை அதட்டுகிறான். அதற்கு ஆண்டவர் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். ஓய்வுநாளில் நீ உன் எருதைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என்று கேட்கிறார். உன் சொத்துக்கு ஒரு நியாயம், ஆபிரகாமின் குமாரத்திக்கு ஒரு நியாயமா என்பதுதான் கேள்வி. கட்டளையை அவர் தள்ளவில்லை. அதை ஆளுக்கு ஒரு விதமாக நிறுக்கும் தராசைத்தான் தள்ளுகிறார். மூப்பரின் இயந்திரங்களையும் உங்கள் நாற்காலியையும் உங்கள் சபை வெவ்வேறு தராசில் நிறுத்திருக்கிறது.

இன்னும் கேளுங்கள். உபாகமம் 5-இல் ஓய்வுநாள் கட்டளை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? வேலைக்காரன் வைத்திருப்பவனைப் பார்த்து. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும், உன் வாசலில் இருக்கும் அந்நியனும் இளைப்பாறட்டும், நீயும் எகிப்திலே அடிமையாக இருந்தாயே என்கிறது. உத்தரவு போடுகிறவன் கைக்குத்தான் கட்டளை முதலில் போகிறது. உத்தரவுக்குக் கீழ்ப்பட்டவள் நீங்கள். சனிக்கிழமை யூனிட்டைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிக்கக்கூடியவர் மூப்பர். மைத்துனர் பெயரில் ஓடினாலும் லாபம் அவருக்கு வருகிறதென்றால், அவருடைய வாசலில் இருக்கும் அந்நியர்கள் அன்றைக்கு இளைப்பாறவில்லை. மெஸ்ஸில் சபைக்காகச் சனிக்கிழமை அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அந்தக் கட்டளைக்குள் இருப்பவள்தான். இது சின்ன விஷயம், இதற்காகச் சண்டை வேண்டாம். வெள்ளிக்கிழமையே புளிச்சோறும் தயிர்ச்சோறும் செய்து கொண்டுவரும் பழக்கம் பல குடும்பங்களில் உண்டு, அதைச் சபையில் எடுத்துச் சொல்ல யாராவது ஒரு பெரியம்மா போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மூப்பரின் தவறு உங்களுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. "அவரே செய்கிறார், நான் செய்தால் என்ன" என்று ஒரு நாள் உங்கள் மனம் சொல்லும். அன்றைக்கு நீங்கள் இழப்பது அவருடைய ஓய்வுநாளை அல்ல, உங்களுடையதை. அதனால் உங்கள் வழக்கை அவர்மேல் கட்டாதீர்கள். கூட்டத்தில் எழுந்து அவர் பெயரைச் சொன்னால் பேச்சு முழுவதும் அவரைச் சுற்றியே போய்விடும், உங்கள் கேள்வி காணாமல் போகும். பணமும் செல்வாக்கும் உள்ள ஒருவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள் என்று உங்கள் வயதுப் பெண்ணிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. போதகரிடம், அவர் மனைவியும் கூட இருக்கும்போது, உங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். மேலாளரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்: "ஐயா, சனிக்கிழமை வேலையைப் பற்றிச் சபைக்கு ஒரே விதி இருக்கட்டும். வேலை செய்கிறவர்களுக்கும் வேலை வாங்குகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு நான் கட்டுப்படுகிறேன்." அதற்குமேல் பெயர் சொல்லத் தேவையே இருக்காது.

இன்னொரு தகவல். உங்கள் சபையின் ஒழுங்குப்படி ஒரு அங்கத்தினரைக் கண்டிப்பதோ பெயரை நீக்குவதோ போதகர் தனியாகவோ மூப்பர்கள் தனியாகவோ செய்யக்கூடிய காரியம் அல்ல. சபையாரின் கூட்டம் கூடித்தான் தீர்மானிக்கவேண்டும், அந்தக் கூட்டத்தில் தன் பக்கத்தைச் சொல்ல அங்கத்தினருக்கு உரிமை உண்டு. பாடம் எடுக்கும் பொறுப்பை மாற்றுவது அந்த அளவுக்குப் பெரிய நடவடிக்கை இல்லை என்றாலும், உங்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது சரியில்லை. அதைப் பணிவாகவே போதகரிடம் சொல்லுங்கள்.

மேலாளர் மறுத்துவிட்டால்? மறுக்கலாம். அன்றைக்கே ராஜினாமா எழுதாதீர்கள். சனிக்கிழமை விடுமுறை இருக்கும் பையிங் ஆபீஸ்கள் (வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகத் துணி வாங்கித் தரும் அலுவலகங்கள்), உங்கள் சபையின் பள்ளிகள் என்று வேறு இடம் தேடுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் தம்பியின் ஃபீஸ் எங்கே இடிக்கும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதுவரை அந்த நாற்காலியில் உட்காருவது பாவமா என்ற கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ரோமர் 14-இல் பவுல் சொல்வதுபோல அவரவர் தம் மனதிலே நிச்சயப்படவேண்டிய காரியம் அது. உங்கள் சபை மருத்துவமனைகளில் ஓய்வுநாளிலும் நர்ஸ்கள் வேலை பார்க்கிறார்கள், நோயாளி காத்திருக்க முடியாது என்பதால். கூலிக்காரனின் கவர் அந்த அளவுக்கு அவசரமா என்பதை ஜெபத்தோடு நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.

"வேலையை விடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னவர்களிடம் ஒன்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கர்த்தர் பெரும்பாலும் மனிதர் கையைக் கொண்டுதான் பார்த்துக்கொள்கிறார். வேறு வேலை கிடைக்கும்வரை தம்பியின் படிப்புச் செலவில் சபை எவ்வளவு ஏற்கும்? சபையிலேயே கம்பெனி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் யார் சனிக்கிழமை யூனிட்டை மூடிவிட்டு உங்களைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள்? வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்த இரண்டு கேள்விகளையும் எழுதிப் போதகர் கையில் கொடுத்துவிடுங்கள்.