ஈட்டிங் டிஸார்டர்: நம் ஊரில் யாரிடம் போவது?

வாசகர் கேள்விகளுக்கு எங்கள் மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: மகளுக்கு 16 வயது. கோடை லீவில் 'டயட்' என்று ஆரம்பித்தாள். இப்போது போன வருடத்துச் சுடிதாரெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. எண்டோஸ்கோப்பி, தைராய்டு எல்லாம் நார்மல் என்கிறார்கள். அனோரெக்சியாவோ என்று சந்தேகமாக இருக்கிறது. இதற்கென்று இங்கே ஆஸ்பத்திரியே இல்லையே, எங்கே கொண்டுபோவது?
*– ஒரு தாய், திண்டுக்கல்*

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவதுதான் அனோரெக்சியா. அது ஒரு ஈட்டிங் டிஸார்டர், அதாவது உண்ணும் முறை சார்ந்த மனநலக் கோளாறு. 'ஈட்டிங் டிஸார்டர் கிளினிக்' என்ற போர்டைத் தேடி அலையாதீர்கள். நம் ஊர்களில் அநேகமாக அது கிடைக்காது. உங்களுக்குத் தேவை மூன்று பேர்: உடம்பைக் கவனிக்க ஒரு குழந்தைநல மருத்துவர் அல்லது பொது மருத்துவர், ஒரு மனநல மருத்துவர், வாராவாரம் உட்கார்ந்து பேச ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவர்களை ஒரே வளாகத்தில் பிடிக்க எளிதான இடம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. அங்கே போதாது என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அதற்கும் மேல் சிக்கலானால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ். எந்த நாளில் எந்த ஓ.பி. என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி-மானஸ் இலவச மனநல எண்; 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "சரியா சாப்பிட மாட்டேங்கிறா" என்றால் பசி டானிக் எழுதி அனுப்பிவிடுவார்கள். அவளுக்குப் பசிக்காமல் இல்லை, பயம். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "எடை கூடிடுமோன்னு பயந்து சாப்பாட்டைக் குறைக்கிறா, நாலு மாசமா தீட்டு வரலை, அனோரெக்சியாவான்னு பார்க்கணும்." சாப்பிட்டதும் பாத்ரூம் போவது, மணிக்கணக்கில் உடற்பயிற்சி, திடீரென்று முளைத்த விரதங்கள் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வாரமே. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை. வழக்கமான 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் பாஸ்பேட் பெரும்பாலும் இருக்காது, பெயர் சொல்லிக் கேளுங்கள். ரிசல்ட் நார்மல் என்றால் உடனே நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. உடம்பு தன் இருப்பிலிருந்து எடுத்து எடுத்து ரத்த அளவைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு 50-க்குக் கீழே, மேல் அழுத்தம் 90-க்குக் கீழே, மயக்கம், நெஞ்சு படபடப்பு, தண்ணீர்கூட வேண்டாம் என்பது – இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

பதறிப்போய் ஒரே நாளில் நெய்யும் பாலும் முட்டையுமாகத் திணிக்காதீர்கள். பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட் சட்டென்று செல்களுக்குள் இறங்கிவிடும். இதயம் தடுமாறும், காலில் வீக்கம் வரும். முதல் வாரம்தான் ஆபத்து அதிகம். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து முடிவு செய்யட்டும். தயாமின் (வைட்டமின் பி1) மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள்.

இந்த வயதினருக்கு அதிக ஆதாரமுள்ள சிகிச்சை, பெற்றோரை வைத்தே நடத்தும் குடும்ப சிகிச்சை. 6 முதல் 12 மாதம் பிடிக்கும். என்ன, எவ்வளவு என்பதைச் சில காலம் நீங்கள் முடிவு செய்வீர்கள், அவள் அல்ல. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி. தட்டை நீங்களே போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பொடிக்கு எண்ணெய் வேண்டாம், தோசைக்கு நெய் வேண்டாம் என்று பேரம் பேசுவாள். வாக்குவாதத்தில் இறங்காமல், "இதுதான் இன்றைக்கு, நான் கூடவே இருக்கிறேன்" என்று அதையே திரும்பச் சொல்லுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் தனியாக விடவேண்டாம். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கில், சிறுநீர் கழித்த பிறகு, ஒரே மாதிரி உடையில். வீட்டில் எடை மெஷின் இருந்தால் எடுத்து ஒளித்துவிடுங்கள். கலோரி அட்டவணை போட்டுக் கொடுக்கும் டயட்டீஷியன் இவளுக்கு ஆகாது. கணக்குப் பார்க்கும் நோய்க்கு இன்னொரு கணக்குப் புத்தகம் எதற்கு?

அப்புறம், "அடடா, எப்படி இளைச்சிட்டே!" என்று மெச்சுகிற சித்தி, அத்தைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "இப்பதான் முகம் களையா இருக்கு" என்பதும் வேண்டாம். அதை அவள் 'குண்டாகிவிட்டேன்' என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கிறேன், வயது 20. பகலெல்லாம் பட்டினி. ராத்திரி கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறேன். எடை நார்மலாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல், அதிகச் செலவில்லாமல் சிகிச்சை எடுக்க முடியுமா?
*– பெயர் வேண்டாம், கோவை*

முடியும். 18 வயது முடிந்துவிட்டதால் ஓ.பி. சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செலவு ஒரு பொருட்டாக இருக்காது.

நீங்கள் எழுதியிருப்பது புலிமியா என்ற ஈட்டிங் டிஸார்டரின் அச்சு அசலான வட்டம். எடை நார்மலாக இருப்பதால் பலரும் இதை நோயாகவே மதிப்பதில்லை. ஆனால் வாந்தியில் பொட்டாசியம் குறையும், பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தப்பும். எனவே முதல் நாளே பொட்டாசியமும் ஈசிஜியும் பாருங்கள். வாந்தியில் ரத்தம், கால் பிடிப்பு, படபடப்பு, மயக்கம் என்றால் அவசரப் பிரிவு.

நல்ல பலன் தரும் பேச்சு சிகிச்சை சி.பி.டி., அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை; வழக்கமாக 20 வாரங்களில் 20 அமர்வுகள். அதன் முதல் வேலையை இன்றைக்கே தொடங்கலாம்: பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது சாப்பிடுவது. மெஸ்ஸில் காலை டிபனைத் தவிர்ப்பதுதான் ராத்திரிப் பெருந்தீனிக்கு விதை. நேற்று ராத்திரி கட்டுப்பாடு போயிருந்தாலும் இன்று காலை இட்லியை விடக்கூடாது. வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்து போகும். தண்ணீரில் வாய் கொப்பளித்து, அரை மணி நேரமாவது பொறுங்கள்.

தனியாரில் சைக்காலஜிஸ்ட் தேடினால், அவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு செய்தவரா என்று பதிவெண் கேட்டுச் சரிபாருங்கள். 'லைஃப் கோச்' போதாது. முன்பதிவு செய்யும்போதே, "ஈட்டிங் டிஸார்டருக்கு சி.பி.டி. செய்து பழக்கம் உண்டா? எடை, ரத்தப் பரிசோதனையை எந்த டாக்டரோடு சேர்ந்து பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

மாத்திரையில் ஃப்ளூவாக்ஸெடின் புலிமியாவுக்கு உதவும். மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான் கூடாது, வலிப்பு வரலாம். வாந்தி எடுப்பதை மறைத்து, வெறும் மனச்சோர்வு என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு இது தெரிய வழியில்லை.

கேள்வி: அட்மிட் செய்தால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
*– வாசகர், சேலம்*

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 21-வது பிரிவு, உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் உள்நோயாளிச் செலவுக்குத்தான் கிடைக்கும். வாராவாரம் போகும் ஆலோசனைக் கட்டணத்துக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இடமில்லை. காத்திருப்புக் காலம், விலக்குகள் பகுதியைப் படித்துப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி கைவிரித்தால், அடுத்தது இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி.

கேள்வி: 7 வயதுப் பையன். தயிர்சாதம், சிப்ஸ், ஒரே ஒரு பிராண்ட் பிஸ்கட் தவிர எதையும் தொடுவதில்லை. அடம்தானே?
*– வாசகி, தஞ்சாவூர்*

உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறினால், பட்டியல் சிறியதாக இருந்தாலும் காத்திருக்கலாம். ஏறவில்லை, முன்பு சாப்பிட்டதும் ஒவ்வொன்றாகக் கழிகிறது, புதிய உணவின் வாசனைக்கே குமட்டுகிறது என்றால் அது அடமல்ல, ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. என்ற உணவுத் தவிர்ப்புக் கோளாறாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் செயல்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (டி.ஈ.ஐ.சி.) 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். போகும்போது ஒரு வாரம் அவன் சாப்பிட்டதை, பிராண்டு உட்பட, எழுதி எடுத்துப் போங்கள்.