புது லோகோவை எல்லோரும் கேலி செய்கிறார்கள், டிசைனர் என்ன செய்வது?

கேள்வி: ஒரு பொது நூலகத்தின் லோகோவைப் புதுப்பித்துக் கொடுத்தேன். வெளியிட்ட அன்றே கமென்டுகளில் வறுத்தெடுத்துவிட்டார்கள். "என் பிள்ளைகூட இதைவிட நன்றாக வரைவான்", "இதற்கெல்லாமா காசு கொடுத்தார்கள்?" என்று நூற்றுக்கணக்கில். சக டிசைனர்கள் சிலரும் சேர்ந்துகொண்டதுதான் தாங்க முடியவில்லை. நான் பதில் சொல்லலாமா? இதை என் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா? இந்தத் தொழில் எனக்குச் சரிப்படுமா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

பதில்: கடைசிச் சந்தேகத்தை முதலில் தள்ளி வையுங்கள். லோகோ வெளிவந்த முதல் வாரத்துக் கமென்டுகளை வைத்து எடுக்கக்கூடிய முடிவல்ல அது. அந்த வாரத்தில் வரும் கோபத்தில் பெரும்பகுதி, பழகிய ஒன்று திடீரென்று காணாமல் போனதால் வருவது. ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸையன்ட்ஸ் 1968இல் சோதனைகள் மூலம் காட்டினார். பழைய லோகோவுக்கு அந்தப் பழக்கம் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கிறது. உங்களுடையதற்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

லண்டன் 2012 ஒலிம்பிக் லோகோவை 2007 ஜூனில் வெளியிட்டபோது, நான்கு லட்சம் பவுண்டுக்கு இதுவா என்று பத்திரிகைகள் கொதித்தன. அதைக் கைவிடச் சொன்ன மனுவில் நாற்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அமைப்புக் குழு அசையவில்லை. ஐந்து வருடம் கழித்து அதே லோகோவோடுதான் போட்டிகள் நடந்தன. நைக்கியின் டிக் குறியை 1971இல் 35 டாலருக்கு வரைந்து கொடுத்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. அதைப் பார்த்த நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டுக்கே அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகப்போகப் பிடிக்கலாம் என்று சொல்லித்தான் ஏற்றுக்கொண்டார்.

அதற்காக, மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2009இல் டிராப்பிகானா ஜூஸ் பெட்டியிலிருந்து ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழத்தை எடுத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் ஜூஸ் படத்தைப் போட்டார்கள். வழக்கமாக வாங்குபவர்களால் கடை அலமாரியில் தங்கள் பெட்டியை அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டே மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்ததாகச் செய்தி வந்தது. பழைய பெட்டியே திரும்பி வந்தது. அங்கே மக்கள் சொன்ன புகார் ரசனை பற்றியது மட்டுமல்ல, உபயோகம் பற்றியதும். அது சரியான புகாரும்கூட.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கமென்டுகளை மொத்தமாகப் படிக்காதீர்கள்; நம்பகமான நண்பர் ஒருவரைப் படித்துப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். "அசிங்கமாக இருக்கிறது", "குழந்தை கிறுக்கியது" வகையை அப்படியே விடலாம். "போனில் நூலக ஆப் எங்கே போனதென்று தேடினேன்", "பெயரை வாசிக்க முடியவில்லை" போன்றவை பத்தே இருந்தாலும் எடுத்து வையுங்கள். உங்களுக்குத் தேவையானவை அந்தப் பத்துதான்.

நூலகம் லோகோவை எப்படி வெளியிட்டது என்றும் பாருங்கள். 2012இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டுவந்தது. பட்டச் சான்றிதழில் இருக்கும் பழைய முத்திரை அப்படியே தொடரும் என்றுதான் பல்கலைக்கழகம் சொன்னது. ஆனால் மக்கள் கண்ணில் பட்டது, முத்திரையையும் புதுச் சின்னத்தையும் அருகருகே வைத்த ஒரு படம். பழமையான முத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்து ஐம்பதாயிரம் பேருக்குமேல் எதிர்த்துக் கையெழுத்திட, டிசம்பரில் சின்னத்தை நிறுத்திவைத்தார்கள். அந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால் கதையே வேறாகியிருக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் லோகோவும் விளக்கமில்லாமல் 'முன்பு, இப்போது' என்று வெளியாகியிருந்தால், அடி விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

பதில் சொல்வதைப் பொறுத்தவரை, நீங்கள் நேரடியாக இறங்காதீர்கள். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லோகோவுக்குச் சொந்தக்காரர் நூலகம். பேச வேண்டியதும் அவர்கள்தான். அவர்களுக்கு ஒரு சிறு குறிப்பை எழுதிக் கொடுங்கள்: ஏன் மாற்றினோம், எதை மாற்றவில்லை, எங்கெல்லாம் வரப்போகிறது. பழைய சின்னத்தில் விளக்கு, திறந்த புத்தகம், சுற்றிலும் இலைகள் எல்லாம் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அதைப் பதினாறு பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் சாம்பல் நிறப் பொட்டாகிவிடும். ஒரே நிற ரப்பர் ஸ்டாம்பில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்படி இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், கேலி செய்தவர்களில் சிலராவது நின்று பார்ப்பார்கள்.

காப்பியடித்ததாகக் குற்றச்சாட்டு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். 2015 ஜூலையில் வெளியான டோக்கியோ ஒலிம்பிக் லோகோ, அந்தச் சர்ச்சையில் சிக்கி செப்டம்பர் முதல் நாளே வாபஸானது. தேதி போட்ட ஸ்கெட்ச்கள், நிராகரித்த வெர்ஷன்கள் எல்லாம் பத்திரமாக இருந்தால் அன்றைக்கே எடுத்துக் காட்டலாம்.

சக டிசைனர்கள் விஷயம்தான் எனக்கும் வலிக்கிறது. நம் உழைப்பில் பெரும்பகுதி வெளியே தெரிவதில்லை: கிளையன்ட் கூட்டங்கள், தள்ளுபடியான முப்பது யோசனைகள், பட்ஜெட், கெடு. ஆகவே தன் திறமையை நிரூபிக்கச் சிலருக்குக் கிடைக்கும் சுலபமான வழி, அடுத்தவர் லோகோவை ஒரு மாலைக்குள் 'திருத்தி'ப் போடுவது. பிரீஃப் (கிளையன்ட் தரும் வேலைக் குறிப்பு) இல்லாமல், மறுப்பு சொல்ல ஒரு கிளையன்ட் இல்லாமல் வரைந்த படம் அது. இந்தப் பழக்கம் கடைசியில் நம் எல்லோர் தலையிலும்தான் விடிகிறது. 2010இல் கேப் என்ற ஆடை நிறுவனம் தன் புது லோகோவுக்கு எதிர்ப்பு வந்ததும், நீங்களே வரைந்து அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டது. சம்பளமில்லாமல் வேலை வாங்கப் பார்க்கிறார்கள் என்று டிசைனர்கள் கொந்தளித்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் பழைய லோகோவே திரும்பியது. யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தை நாமே வளர்த்துவிட்டு, பிறகு கட்டணம் கேட்டால் யார் தருவார்கள்?

போர்ட்ஃபோலியோவில் தாராளமாக வையுங்கள். படத்தை மட்டும் வைக்காமல் பிரீஃப் என்ன, என்ன கட்டுப்பாடுகள், எதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், வெளியான பிறகு என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எதிர்ப்பை மறைக்க வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் எப்படியும் தேடிப் பார்ப்பார். நீங்களே சொல்லியிருந்தால் பேச்சு உங்கள் பக்கம் இருக்கும்.

அப்புறம், மூன்று மாதம் கழித்து நூலகத்தில் விசாரியுங்கள். ஆப் ஐகானைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற புகார் அப்போதும் வந்துகொண்டிருந்தால், பழைய நிறத்தை மட்டும் ஐகானுக்குள் கொண்டுவந்து ஒரு மாற்று வெர்ஷன் தர முன்வாருங்கள். அதற்கான கட்டணத்தைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.