மண்பாதை ஓட்டத்துக்கு எக்ஸ்பல்ஸ் 200 பின் டயர்: 120/80-18 போதுமா, 140/80-18 போடலாமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஊர். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் வைத்திருக்கிறேன், பின் டயர் தேய்ந்துவிட்டது. வாரக் கடைசியில் மண்பாதை ஓட்டம் உண்டு. கம்பெனி கொடுத்த 120/80-18 வேண்டாம், 140/80-18 போடு, பிடிமானம் நன்றாக இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?

பதில்:

120/80-18 போதுங்க. நம்ம பக்கத்து மண்ணுக்கும் அந்த வண்டியின் சக்திக்கும் அதற்கு மேல் அகலம் தேவையில்லை. ஆனால் போதும் என்று மட்டும் சொன்னால் நண்பர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது. காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் அந்த எண்கள். 120 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கு. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கு. நடுவில் இருக்கும் 80 பக்கச்சுவரின் உயரம், ஆனால் அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 80 சதவீதம். 120க்கு 80 சதவீதம் 96 மில்லி. அகலத்தைத் தொட்டால் உயரமும் கூடவே மாறும் என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 140/80 போட்டால் அகலம் 20 மில்லி கூடுவதோடு நிற்காது, பக்கச்சுவரும் 112 மில்லி ஆகிவிடும். மேலேயும் கீழேயும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் 649 மில்லியிலிருந்து 681க்குப் போகிறது.

அந்த 32 மில்லியில் பாதி, அதாவது 16 மில்லி, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும். ஏற்கெனவே உயரமான வண்டி அது. கால் எட்டாத இடத்தில் நின்று திரும்பும்போது இந்த 16 மில்லி நன்றாகவே தெரியும். அதைவிட முக்கியம் இழுவை. சக்கரம் ஒரு சுற்றில் ஓடும் தூரம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடிவிடுகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பின் பல்சக்கரத்தில், இரண்டு பல்லைக் குறைத்த மாதிரிதான். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் சக்தியே 19 பிஎஸ் (குதிரைத்திறன்) அளவுதான். சென்னிமலை அடிவாரத்துச் சரளை மேட்டில் முதல் கியரில் மெதுவாக ஏறும்போது, எஞ்சின் திணறி கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டி வரும். பழைய இழுவை வேண்டுமென்றால் 40 பல் இருக்கும் இடத்தில் 42 பல் போட வேண்டும். டயரின் எடையும் கூடும். சக்கரத்தில் ஏறுகிற எடை வண்டியில் வேறு எங்கு ஏறுகிற எடையையும்விடக் கெடுதல், சஸ்பென்ஷன் அதைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் 140/80-18 என்ற அளவு எங்கிருந்து வந்தது? கேடிஎம் 450 இஎக்ஸ்சி மாதிரியான எண்டியூரோ வண்டிகளுக்குக் கம்பெனியே அந்த அளவைத்தான் போட்டுத் தருகிறது. அந்த எஞ்சினின் சக்தி வேறு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உள் அகலம் வேறு, ரிம் 2.15 அங்குலம். மோட்டோகிராஸ் வண்டிகளில் பின்னால் 19 அங்குல ரிம், 110/90-19 டயர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் 681 மில்லி விட்டம்தான் வரும். இரண்டுக்கும் மொத்த உயரம் ஒன்றே. ஆனால் 18 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் 13 மில்லி கூடுதலாகக் கிடைக்கிறது. மோட்டோகிராஸ் பந்தயம் போட்டுவைத்த மண் தடத்தில் நடப்பது. எண்டியூரோவில் கல்லும் வேரும் வரும், அங்கே ரிம் அடிவாங்காமல் இருக்க அந்த 13 மில்லி ரப்பர் வேண்டும். எண்டியூரோக்காரர்கள் 140 போடுவது அகலத்துக்காக மட்டும் இல்லை, அந்த உயரத்துக்காகவும்தான். படத்தில் பார்க்கிறவர்களுக்கு அகலம் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் ரிம்மை நன்றாகத் துடைத்துவிட்டு ஸ்போக்குகளுக்கு நடுவே பாருங்கள். 18 என்ற எண்ணோடு 1.85 அல்லது 2.15 என்று ஏதாவது ஒன்று குத்தியிருக்கும். அதுதான் ரிம்மின் அகலம். எந்த டயர் உட்காரும் என்று முடிவு செய்வது அந்த எண்தான், நானும் இல்லை, நண்பர்களும் இல்லை. குறுகின ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, டயரின் முதுகு கூம்பிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 140 தரையில் முழுசாகப் படியாது. நேராகப் போகும்போது டயரின் மேல் துருத்தி நிற்கும் பட்டன்களில் நடு வரிசை மட்டும் தேயும், சாய்க்கும்போது ஓரத்து வரிசை திடீரென்று வழுக்கும்.

அடுத்தது இடைவெளி. இதைப் பலரும் செயின் தளர்ந்து, சக்கரம் பின்னால் தள்ளியிருக்கும் நிலையில் பார்த்துவிட்டு, இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதுச் செயின் போடும்போது ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) முன்னால் வரும். டயர் ஸ்விங் ஆர்மின் குறுக்குப் பட்டைக்கு அருகில் போய்விடும். அந்த முன் நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் பழைய செயினே சக்கரத்தை இன்னும் முன்னால் இழுக்கும், ஆக 140 டயரும் 42 பல்லும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் நெருக்கம். செயின் ஓடும் பக்கம் பட்டன் ஓரத்துக்கும் செயினுக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போய்வர வேண்டும். வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்க, இன்னொருவர் குனிந்து மட்கார்டு அடியில் பார்க்க வேண்டும். வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த நாளில் எங்கும் உரசாமல் ஓடுகிற டயர் மழைக்கு அப்புறமும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊர் மண்ணை வைத்து யோசித்தால்தான் இது முழுசாகப் புரியும்.

உங்கள் பக்கம், பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் வரைக்கும் பெரும்பாலும் செம்மண், அதன்மேல் சரளை, இடையிடையே வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக் கல். அடி கெட்டி, மேலே உதிரி. இதில் அகலமான டயர் உதிரிச் சரளைமேல் ஏறி மிதக்கும். குறுகின டயர் சரளையை ஒதுக்கிவிட்டுக் கெட்டித் தரையைப் பிடிக்கும். காங்கேயம் கொறங்காட்டு (மேய்ச்சல் காடு) ஓரத்து இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு இடையே போகும் வண்டிப்பாதையில், கிளுவை வேலிக்கு நடுவே வண்டித் தடம் இரண்டு கோடாகக் குழிந்திருக்கும். அந்தக் கோட்டுக்குள் 120 டயர் அடங்கி ஓடும். அதைவிட அகலமானது இரண்டு பக்க விளிம்பையும் உரசிக்கொண்டு வண்டியை இழுத்து இழுத்து அடிக்கும்.

பல்லடம், கேத்தனூர் காற்றாலைக் காடு, உடுமலை என்று போனால் கரிசல். காய்ந்திருக்கும்போது தார் ரோடு மாதிரி. ஒரு நல்ல மழை பெய்தால் கதை வேறு. கரிசல் பட்டன் சந்துகளை நிரப்பி, டயர்மேல் அடுக்கடுக்காக ஏறி, மட்கார்டுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே அடைத்து, சக்கரத்தை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். குச்சியை வைத்து நோண்டி எடுத்தால் ஐம்பது அடி நகரலாம், திரும்பவும் அடைக்கும். இங்கே உதவுவது பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள டயரும் சுற்றிலும் தாராளமான இடமும்தான். 140 போட்டு அந்த இடத்தையும் அடைத்துவிட்டால் மண்ணுக்குப் பாதி வேலை மிச்சம். மழை விட்ட கையோடு கரிசல் தடத்தில் பட்டன் டயரோடு இறங்காமல் இருப்பதே நல்லது. நாம் கிளறிய குழி காய்ந்து கெட்டியாகிவிடும், அதில் அடுத்த மழை வரைக்கும் தோட்டத்துக்காரர்தான் பால் கேனோடு மொபெட்டில் போய்வர வேண்டும்.

அகலம் உண்மையிலேயே உதவுகிற இடம் ஆழமான உதிரி மணல். தாராபுரம் பக்கம் அமராவதி ஆற்று மணல் மாதிரி. ஆனால் அங்கேயும் காற்றைக் குறைத்தாலே 120 டயர் தேவையான அளவு படிந்துவிடும்.

அளவை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அகலத்தில் ஏறாதீர்கள், உயரத்தில் ஏறுங்கள். 110/90-18 போட்டால் விட்டம் 655 மில்லி, ஸ்ப்ராக்கெட்டைத் தொட வேண்டாம். அகலம் 10 மில்லி குறைவதால் சுற்றிலும் இடம் கிடைக்கும், பக்கச்சுவரும் 99 மில்லி. கல் அதிகம் உள்ள ஓட்டம் என்றால் 110/100-18, விட்டம் 677. அது உயரத்தில் 140/80க்குக் கிட்டத்தட்ட சமம், அகலத்தில் 30 மில்லி குறைவு. அதற்கு மட்கார்டு அடியிலும் குறுக்குப் பட்டைப் பக்கமும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்ப்ராக்கெட்டிலும் ஒன்றிரண்டு பல் கூட்ட வேண்டும். இந்த அளவுகள் எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் இரண்டு கம்பெனி டயர்கள் நிஜ அகலத்தில் சில மில்லி வேறுபடும், வாங்கும் முன் வெர்னியர் வைத்து அளந்தால் கடைக்காரர் தப்பாக நினைக்க மாட்டார்.

நீங்கள் தேடுகிற பிடிமானம் பட்டனிலும் காற்றிலும்தான் இருக்கிறது. தினமும் பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்குத் தார் ரோட்டில் போய்வந்து, வாரக் கடைசியில் மட்டும் மண் என்றால் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பாதிக்குப் பாதியான பட்டன் டயர் போதும். முழுப் பட்டன் டயர் ஈரத் தார் ரோட்டில் பிரேக் அடிக்கும்போது நம்பும்படி இருக்காது, தேய்வதும் வேகம்.

காற்று, ரோட்டுக்குக் கம்பெனி சொன்ன அளவு. மண்ணில் இறங்கும்போது டியூப் டயரில் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம், கல் அதிகமென்றால் அதற்கும் கீழே போகாதீர்கள். டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். காற்று குறைவாக ஓட்டும்போது வால்வைக் கவனியுங்கள். வால்வு ரிம்மிலிருந்து நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் டயர் ரிம்மில் நகர்கிறது, டியூபையும் கூட இழுக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். 15க்கும் கீழே காற்று வைத்து ஓட்டுகிற ஆள் என்றால் டயர் நகராமல் ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம். வால்வின் அடி நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்காமல், மேலே மூடியோடு சேர்த்து வையுங்கள். சாய்வது கண்ணுக்குத் தெரியும், டியூபும் தப்பிக்கும்.

டியூபும் டயர் அளவுக்குப் பொருந்த வேண்டும். பழைய டியூபைப் பெரிய டயருக்குள் போட்டால் இழுபட்டு மெலிந்துவிடும், வெள்வேலா முள் ஒன்று போதும். புது டயருக்குப் புது டியூப் போட்டுவிடுங்கள், பழையதை மடித்துப் பையில் வையுங்கள்.

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரானது. பட்டன் டயர் மெதுவாக விற்கிற சரக்கு, வருடக்கணக்கில் கிடந்ததைத் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள். அளவுக்குப் பக்கத்தில் 62பி மாதிரி ஒன்று இருக்கும். 62 என்றால் அந்த டயர் 265 கிலோ தாங்கும், பி என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை. உங்கள் பழைய டயரில் இருப்பதைவிட அது குறையக் கூடாது.

மாட்டி முடித்ததும் பணம் கொடுப்பதற்கு முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் அது ஓட வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போய் மறைந்தால் டயர் அங்கே உட்காரவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுத் திரும்ப உட்காரவைக்கச் சொல்லுங்கள்.