புட்னியில் கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் பாடத்தில் நவீன அரசியல் சிந்தனை மாக்கியவெல்லியில் தொடங்கி ஹாப்ஸ், லாக், ரூசோ என்று ஆள் ஆளாகப் போகிறது. நாலைந்து பேர் அறைக்குள் உட்கார்ந்து எழுதியதிலிருந்தா இன்று நாம் போடும் ஓட்டு வந்தது? நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்தப் பட்டியலில் ஒரு ஊர் விட்டுப்போயிருக்கிறது: அன்று லண்டனை ஒட்டி, தேம்ஸ் கரையில் இருந்த புட்னி.

1647 இலையுதிர்காலத்தில், மன்னர் முதலாம் சார்லஸைத் தோற்கடித்த நாடாளுமன்றப் படை அங்கே தங்கியிருந்தது. சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. அதைத் தீர்க்காமலே படையைக் கலைத்துவிட நாடாளுமன்றம் பார்த்தது. சிப்பாய்கள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். சம்பளத்தில் தொடங்கிய பேச்சு, யாருக்காக உயிரைப் பணயம் வைத்தோம் என்று வளர்ந்து, இனி யாருடைய சம்மதத்தில் ஆட்சி நடக்க வேண்டும் என்பதில் வந்து நின்றது. அக்டோபர் 28 அன்று புனித மேரி தேவாலயத்தில் விவாதம் தொடங்கியது. தலைமை, படைத்தளபதிகளில் ஒருவரான ஆலிவர் கிராம்வெல்.

மறுநாள்தான் வாக்குரிமை பற்றிய பேச்சு. தாமஸ் ரெயின்ஸ்பரோ என்ற கர்னல் எழுந்து, இங்கிலாந்தின் மிகப் பெரிய மனிதனைப் போலவே மிக ஏழை மனிதனுக்கும் வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஓர் அரசின் கீழ் வாழப்போகிறவன் முதலில் தன் சம்மதத்தைத் தந்திருக்க வேண்டும் என்றார். கிராம்வெல்லின் மருமகன் ஐயர்ட்டன் விடவில்லை. நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்கே ஓட்டு என்பது அவர் நிலைப்பாடு. பிறந்ததாலேயே ஓட்டு உரிமை என்றால், அதே நியாயத்தைச் சொல்லி இன்னொருவன் உன் நிலத்தையும் கேட்பானே என்று மடக்கினார். லேசான வாதமில்லை அது. அடுத்த 300 வருடங்களுக்கு, ஓட்டைப் பரவலாக்க வேண்டாம் என்றவர்கள் பலரும் இதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் 1935 இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் நம் ஊரில் ஓட்டு கிடைக்கச் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்தார்களே, அதன் பின்னாலும் இதே நியாயம்தான்.

எனக்கு எப்போது படித்தாலும் நெஞ்சு அடைப்பது செக்ஸ்பி என்ற படைவீரர் பேசும் இடம். எங்களில் ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்தோம், சொத்து இல்லாவிட்டாலும் பிறப்புரிமை இருப்பதாக நினைத்தோம், இவ்வளவு ஏமாந்திருக்கிறோமே என்கிறார். இதெல்லாம் நடந்தபோது உங்கள் பட்டியலில் உள்ள ஹாப்ஸ் பாரிஸில் இருந்தார். லாக் 15 வயதுப் பையன்.

புட்னியிலிருந்து நம் வாக்குச்சாவடிக்கு நேர்க்கோடு போட்டுவிட முடியாது. அங்கே முடிவென்று பெரிதாக எதுவும் நிலைக்கவில்லை. அடுத்த வருடமே ரெயின்ஸ்பரோ கொல்லப்பட்டார். அவர் பக்கம் நின்று பேசியவர்களிலேயே சிலர் வேலைக்காரர்களுக்கும் பிச்சை வாங்குகிறவர்களுக்கும் ஓட்டு வேண்டாம் என்றார்கள். பெண்களுக்கு ஓட்டு என்ற பேச்சே எழவில்லை. 1649இல் பெண்கள் தாங்களே நாடாளுமன்றத்துக்கு மனு எழுதி, இந்த நாட்டின் சுதந்திரங்களில் ஆண்களுக்குள்ள பங்கு எங்களுக்கும் உண்டு என்று கேட்டார்கள். உங்கள் பாடத்தில் இதையும் சேர்க்கச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

அப்புறம், இது ஏன் பாடத்தில் இல்லை என்பது. படையின் செயலகத்தில் வேலை பார்த்த வில்லியம் கிளார்க் அந்தப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்தார். பிறகு விரித்து எழுதப்பட்ட அந்தத் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் வொர்செஸ்டர் கல்லூரியில் கிடந்தன. ஃபர்த் என்ற வரலாற்றாசிரியர் 1891இல்தான் அச்சில் கொண்டுவந்தார். ஹாப்ஸும் லாக்கும் அதற்குள் 200 வருடங்களுக்கு மேல் எல்லோர் கையிலும் இருந்தார்கள். முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் அக்டோபர் 29ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர்ட்டனின் பேச்சை அவசரப்படாமல் படியுங்கள், அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.