கார்டு மாறும்போது கை ஏன் நிற்கிறது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டில் தறி ஓடுகிறது. கிட்டார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஜி, சி, டி, ஈ மைனர் என்ற கார்டுகள் (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் இடது கைப் பிடிகள்) பிடிக்க வருகிறது. ஆனால் ‘கீழ், கீழ் மேல், மேல் கீழ் மேல்’ என்று வலது கையால் தந்திகளை வாரும் ஸ்ட்ரம்மிங் பிடிபடவில்லை. கார்டு மாற்றும் இடத்தில் வலது கை நின்றுவிடுகிறது. மே மாதம் நண்பர்களோடு ஏற்காடு போகிறோம். அதற்குள் ஒரு பாட்டாவது வாசிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அம்புக்குறி போட்ட தாளைப் பார்த்துப் பழகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஆறு அம்புதான் இருக்கும். கை ஓட வேண்டியதோ எட்டு முறை. கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

‘தகதிமி தகஜுனு’ என்று சொல்லிப் பாருங்கள். எட்டு எழுத்து. த, தி, த, ஜு நான்கிலும் கை கீழே போகும். க, மி, க, னு நான்கிலும் மேலே வரும். இந்த ஓட்டம் எதற்கும் நிற்கக் கூடாது. உங்கள் பேட்டர்னில் முதல் ‘க’விலும் இரண்டாவது ‘த’விலும் கை வழக்கம்போல ஓடும், தந்தியை மட்டும் தொடாது. அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுத் தறியையே பாருங்கள். சேலையில் பூ வேலை எப்படி மாறினாலும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவது மாறுகிறதா?

அந்த இரண்டாவது ‘த’தான் பொல்லாத இடம். கை கீழே இறங்கும்போது சத்தம் வரவில்லையே என்று பதறி, எல்லோரும் அங்கே ஒரு தட்டு தட்டிவிடுவார்கள். நானும் பழகிய காலத்தில் அதைத்தான் செய்தேன். இதற்கு மருந்து, ஒரு வாரம் கார்டையே மறப்பது. இடது கை விரல்களைத் தந்திகள் மேல் லேசாகப் படுக்க வைத்தால் ‘சக் சக்’ என்று மட்டும் கேட்கும். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்தாக வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். வாய் நின்றால் கையும் நிற்கும், அதனால் சத்தமாகவே சொல்லுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை. தடுமாறாமல் வந்தபின் ஐந்து ஐந்தாக வேகம் கூட்டலாம்.

மேலே வரும்போது ஆறு தந்தியையும் வாரத் தேவையில்லை; மெல்லிய மூன்று நான்கு தந்தி போதும். தந்தியை வாரும் பிக் என்ற சிறு தகடு 0.6 மி.மீ. அளவில் மெல்லியதாக இருக்கட்டும்.

அப்புறம் கார்டு மாற்றம். கடைசி ‘னு’ வரும்போதே இடது கையைத் தூக்கிவிடுங்கள். அந்த ஒரு தட்டில் வெறும் தந்தி ஒலிக்கும்; கேட்பவர் காதுக்கு அது உறுத்தாது. கை நின்றால்தான் உறுத்தும். ஜி-யிலிருந்து சி-க்குத் தாவுவது கஷ்டமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஜி-யை நான்கு விரலால் பிடியுங்கள்: மெல்லிய இரண்டு தந்திகளில் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கம்பிகளால் பிரிந்த மூன்றாம் கட்டத்தில்) மோதிர விரலும் சுண்டு விரலும். அவற்றை எடுக்காமல், தடித்த தந்திகளில் இருக்கும் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் ஒரு தந்தி மெல்லிய பக்கம் நகர்த்தி, தடித்த ஆறாம் தந்தியை விட்டுவிட்டு வாசியுங்கள். சி ஆட் நைன் என்ற, சி-க்கு நெருங்கிய கார்டு கிடைக்கும். பெரும்பாலான பாட்டில் சி-க்குப் பதில் ஒப்பேற்றிவிடலாம்.

எந்தப் பாட்டு என்று நீங்கள் எழுதவில்லை. நம் மெல்லிசையில் ‘தகிட தகிட’ என்று ஆறில் ஓடுபவை நிறைய. அவற்றுக்கு இந்த எட்டு எழுத்துப் பேட்டர்ன் ஒட்டவே ஒட்டாது. முதலில் கை தட்டிப் பார்த்து, நான்காக எண்ண வரும் பாட்டாக எடுங்கள்.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனதும் உறையைத் திறந்து உடனே வாசிக்காதீர்கள். சேலம் வெயிலில் சுதி சேர்த்த தந்தி மலைக் குளிரில் சுருங்கி இறுகும், சுதி ஏறிவிடும். அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, ட்யூனரில் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.