சினாம்பா என்பது மிதக்கும் தோட்டமா? மெக்சிகோவின் பழைய ஆஸ்டெக் மக்கள் ஏரிக்குள் வயல் போட்டது எப்படி?

மிதக்காது. சினாம்பா ஏரித்தரையில் அழுந்த உட்கார்ந்த மேட்டுப்பாத்தி. 18ஆம் நூற்றாண்டில் கிளாவிஹேரோ என்ற பாதிரியார் 'மிதக்கும் வயல்' என்று எழுதிவைத்தார். சுற்றுலா வழிகாட்டிகள் இன்னும் அதை விடவில்லை.

முதலில் இடம். மெக்சிகோ பள்ளத்தாக்கின் எல்லா ஏரியிலும் இது நடக்காது. வடிகால் இல்லாத தெஸ்கோகோ ஏரி உப்பேறியது. தெற்கே சோச்சிமில்கோவும் சால்கோவும் ஊற்றுநீரால் நிரம்பிய, ஆழமில்லாத நன்னீர் ஏரிகள். சினாம்பாக்கள் பெரும்பாலும் அங்கேதான் அமைந்தன.

நீண்ட கழியால் குத்திப் பார்த்து, ஆழம் குறைந்த திட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். நாணல் நட்டு எல்லை குறித்து, அதற்குள் நீர்த்தாவரப் படலத்தை வெட்டி இழுத்துவந்து ஓர் அடுக்கு, அதன்மேல் சுற்றிலும் தோண்டிய சேறு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு ஏற்றுவார்கள். சேறு தோண்டிய பள்ளமே வாய்க்கால். படகு போகும் வழியும் அதுதான். கரை சரியாமலிருக்க ஓரமெங்கும் அவெஹோத்தே என்ற வில்லோ மரத்தின் கிளைகளை நடுவார்கள். அது ஈரத்தில் எளிதாக வேர்விடும், ஒல்லியாக நிமிர்ந்து வளர்வதால் பயிருக்கு நிழலும் கட்டாது.

எல்லாம் அடங்கியிருப்பது பாத்தியின் உயரத்திலும் அகலத்திலும்தான். நீர்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இருந்தால், பக்கவாட்டுக் கசிவும் மண்ணுக்குள் தானாக மேலேறும் ஈரமும் வேருக்கு எட்டும். தாழ்ந்தால் வேர் அழுகும். உயர்ந்தால் குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டியதுதான். அகலம் அதிகமானால் நடுப்பகுதி காய்ந்துவிடும். அதனால்தான் நீளம் எவ்வளவு போனாலும் பாத்திகள் ஒடுக்கமாகவே இருக்கும். ஆண்டுதோறும் வாய்க்கால் வண்டலை அள்ளிப் பரப்புவது உரத்துக்காக மட்டுமல்ல, வாய்க்கால் தூர்ந்துபோகாமலிருக்கவும்தான். ஆனால் பரப்பப் பரப்பப் பாத்தி உயர்ந்துகொண்டே போகும். அப்போது மேல்மண்ணைச் சீவி எடுத்து வேறு பாத்திக்குக் கொண்டுபோவார்கள்.

இதில் நான் மிகவும் மதிப்பது நாற்றங்கால். வாய்க்கால் ஓரத்தில் கூழ்போன்ற சேற்றை ஐந்தாறு சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, நீர் வடிந்து இறுகியதும் கத்தியால் சதுரம் சதுரமாகக் கீறுவார்கள். இந்தக் கட்டிக்குச் சப்பீன் என்று பெயர். ஒவ்வொன்றிலும் விரலால் குழியிட்டு விதை போட்டு, பொடித்த எரு தூவி மூடுவார்கள். அவசரப்பட்டுக் கீறினால் சேறு மீண்டும் ஒட்டிக்கொள்ளும், தாமதித்தால் தாறுமாறாக வெடிக்கும். நாற்றைக் கட்டியோடு எடுத்து நடுவதால் வேர் அறுபடாது. வயலில் ஒரு பயிர் முற்றும்போதே அடுத்தது நாற்றங்காலில் தயாராக நிற்கும். இந்த இடம் 2,200 மீட்டருக்கும் மேலான உயரம்; குளிர்காலத்தில் உறைபனி உண்டு. பெரிய வயலைவிடச் சிறு நாற்றங்காலைப் பாய் போட்டு மூடிக் காப்பது சுலபம். பகலில் சூடேறிய வாய்க்கால் நீரும் இரவுக் குளிரைக் கொஞ்சம் தணிக்கும்.

'வருடத்துக்கு ஏழு போகம்' என்று எழுதுகிறார்களே, அது சீக்கிரம் அறுவடைக்கு வரும் கீரை, முள்ளங்கி போன்றவற்றையும் சேர்த்து எண்ணிய கணக்கு. மக்காச்சோளத்துக்கு அது பொருந்தாது.

இத்தனைக்கும் நீர்மட்டம் நிலையாக இருக்க வேண்டும். அது தனி விவசாயி கையில் இல்லை. 1449 வெள்ளத்துக்குப் பிறகு, ஏரியின் பெயரையே கொண்ட தெஸ்கோகோ நகரின் மன்னர் நெசவால்கோயோத்லின் யோசனைப்படி சுமார் 16 கிலோமீட்டர் அணை எழுந்தது. உப்புநீர் ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் பக்கம் வராமல் அது தடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோச்சிமில்கோ ஊற்றுகளைக் குழாய் வழியே மெக்சிகோ நகருக்குத் திருப்பியதும் வாய்க்கால்கள் வற்றத் தொடங்கின. இப்போது அவற்றில் ஓடுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். அது ஆவியாகும்போது பாத்தியில் உப்பு படிகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரை ஒரே சீராக இறங்காமல் அங்கங்கே இறங்குகிறது. ஒரே வாய்க்காலில் ஒரு பாத்தி மூழ்கிக் கிடக்க, இன்னொன்று காய்ந்து கிடக்கும்.